பூச்சியம் தசம் பூச்சியம் இரண்டு

உட்துறைமுக வீதி ஓரத்தில்
பெக்கோ ஒரேயொரு தடவை பல்லை வைத்திருக்கிறது.
அவ்வளவுதான்.
இருபத்துநாலு இழை.
உப்புவெளி வரைக்கும் ஊருக்கு வாயில்லை.

வானின் பின்கதவைத் திறந்து
ஸ்டூலில் ஸ்ப்ளைசரை வைக்கிறேன்.
கச்சான் அடிக்கிறது. ஒரு மணல் பொட்டு போதும், கெட.
நஜாத் ஜெலியைத் துடைத்துத் துடைத்து நீட்டுகிறான்:
நீலம், செம்மஞ்சள், பச்சை, கபிலம்.
நிறத்தைச் சுரண்டினால் எல்லாம் ஒரே கண்ணாடி.
ஊரைப் பற்றிச் சொன்னதாக எடுக்காதீர்கள்,
கண்ணாடியைப் பற்றித்தான் சொல்கிறேன்.

ஸ்பிரிட் தாளால் துடைத்தால் கீச் என்று கேட்கவேண்டும்.
கேட்டால் சுத்தம்.
வெட்டி 'டிக்' என்னும்.
விழுந்த நறுக்கை உடனே ஒட்டுநாடாவில் ஒட்டு, எண்ணு;
தோலுக்குள் போனால் கண்ணுக்குத் தெரியாது.

திரையில் உலக்கை பருமனில் இரண்டு முனைகள்
எதிரெதிரே வந்து, மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம்,
தாமாகவே நேராகின்றன.
தீக்குச்சித் தலையிலும் சின்னதாய் ஒரு பொறி.
பூச்சியம் தசம் பூச்சியம் இரண்டு என்கிறது மெஷின்,
இழப்பு.
இழப்பே இல்லாமல் அது ஒட்டி நான் பார்த்ததில்லை.

ஏழாவது, சிவப்பு.
குமிழி.
மறுபடி. வெட்டு சரிவு.
மறுபடி. காற்று.
ஒவ்வொரு தடவையும் இழை இரண்டு அங்குலம் குறைகிறது.
இனி ஒருதரத்துக்குத்தான் நீளம்.
மான் ஒன்று வந்து ஸ்பிரிட் தாளை மோந்து
தும்மிவிட்டுப் போகிறது.

பெக்கோக்கார ஜயதிஸ்ஸ இன்னும் வீட்டுக்குப் போகவில்லை.
ஸ்பிரிட் இருக்கென்று நான் சொன்னதிலிருந்து
பற்றவைக்காத சிகரெட்டோடு மதகில் குந்தியிருக்கிறார்.
நட்டஈட்டுப் படிவத்தில் அவர் பெயரை
ஆறு மணிக்கு நான்தான் எழுதினேன்,
அடையாள அட்டையை வாங்கி, எழுத்துப் பிழையில்லாமல்.

எழுந்து வந்தார்.
அரைக்காற்சட்டைக்கு மேல் கட்டியிருந்த சாரத்தை அவிழ்த்து
இரு கையாலும் விரித்து
காற்றுக்கு முதுகைக் கொடுத்து நின்றார்.
"கரன்ன, நங்கி."

பொறி.
பூச்சியம் தசம் பூச்சியம் மூன்று.
இருக்கட்டும்.

எட்டிலிருந்து இருபத்துநாலு வரை
அவர் கையை இறக்கவில்லை.
சுருங்கு குழாய்கள் ஒவ்வொன்றாய்ச் சூடேறி ஆறின.
மூன்றரைக்கு நஜாத்தின் போன் சட்டைப் பைக்குள்
நாள் முழுக்கத் தேங்கியதையெல்லாம் கொட்டத் தொடங்கியது.

நாடாவில் ஐம்பத்துநாலு நறுக்கு இருக்கவேண்டும்.
இரண்டு தரம் எண்ணினேன்.
ஐம்பத்துமூன்று.

சாரத்தைத் திரும்பக் கட்டப்போனார்.
"உதறாதீங்க அண்ணே, கட்டாதீங்க" என்று
ஒரு நுனியை நான் பிடித்துக்கொண்டேன்.
நஜாத் டோர்ச்சைச் சாய்த்துப் பிடித்தான்.
வீதி நடுவில், கட்டம் கட்டமாய்,
கரையிலிருந்து தேடத் தொடங்கினோம்.