பற்றறித் தண்ணி

கொழும்பில் ஒரு இரவு
தலையெல்லாம் வயர் ஒட்டிப் படுக்க வைத்தார்கள்.
விடிய, கண்ணாடி போட்ட பெடியன் ஒருவன்
திரையைப் பார்த்தபடியே சொன்னான்:
"மணித்தியாலத்துக்கு நாற்பத்தியொரு தரம்
உங்களுக்கு மூச்சு நிண்டிருக்கு, அன்ரி."

நாற்பத்தியொன்று.
கச்சேரியில் ஒரு நாள் முழுக்க
அத்தனை கடிதத்துக்கு நான் முத்திரை குத்துவதில்லை.

அப்போதுதான் விளங்கியது
கவுண்டருக்கு அந்தப் பக்கம் ஆட்கள் நிற்க நிற்க
என் தலை மேசைக்குச் சரிந்தது ஏனென்று.
நிலாவெளிக்காரர் ஒருவரின் காணி அனுமதிப்பத்திரத்தில்
சீலைத் தலைகீழாய்க் குத்தினேன்.
"அம்மாவுக்கு வீட்டில என்ன கரைச்சலோ" என்று
அவரே எனக்காக இரங்கினார்.

குறட்டை ஆம்பிளைகளின் சங்கதி என்றுதான்
நானும் நினைத்திருந்தேன்,
உப்புவெளியில் ஒரு கலியாண வீட்டில்
பாயில் படுத்து எழும்பியபோது
பக்கத்துப் பாய்கள் எல்லாம் விறாந்தைக்குப் போயிருந்த பிறகும்.
ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.
தேத்தண்ணி தந்தார்கள்.

மெஷின் வந்தது.
மூக்குக்கு ஒரு ரப்பர் கிண்ணம், பின்தலைக்குப் பட்டி.
கொண்டையை எங்கே வைப்பது?
முதல் இரவு ஒன்றரை மணிக்குக் கழற்றி எறிந்தேன்.
இரண்டாம் இரவு வாயைத் திறக்க
காற்று புஸ்ஸென்று வெளியே வந்தது, எனக்கே சிரிப்பு.
மூன்றாம் இரவு அழுகை.
நாலாம் இரவைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை,
நித்திரை கொண்டுவிட்டேன்.

அதற்கு வடித்த தண்ணீர் ஊற்ற வேண்டுமாம்.
கண்டி வீதியில் பற்றறிக் கடை. சமூன் நானா
"எந்த வாகனத்துக்கு?" என்றார்.
"எனக்குத்தான்."
போத்தலைத் துடைத்துத் தந்தவர்
மிச்சக் காசை எண்ணுகையில் மெல்லக் கேட்டார்:
"எத்தனையாம் ஆண்டு மொடல்?"
"அறுபத்தெட்டு."
"அது நல்ல எஞ்சின்."

அருமைத்துரைக்கு ஒன்பது வருஷமாய் ஹோலில்தான் படுக்கை.
பதினோராம் இரவு தலையணையோடு வந்தார்.
படுத்தார். புரண்டார். எழும்பி இருந்தார்.
"என்ன?" என்றேன்.
முகமூடிக்குள்ளால் அது வேறென்னவோவாய்க் கேட்டது.
"ஒரு சத்தத்தையும் காணேல்ல."

பிறகு, யன்னலைப் பார்த்தபடி:
"முதல் மாசம் சத்தத்துக்குத்தான் போனன்.
பிறகு சத்தம் பிரச்சினை இல்லை.
அது நிற்கிறதுதான்.
ஒருக்கா இருபத்தெட்டு வரைக்கும் எண்ணினன்.
முப்பதுக்கு விடமாட்டன்.
டம்ளரைத் தட்டி விடுவன்."

டம்ளர்.
நடுச்சாமத்தில் சீமெந்து நிலத்தில் விழுந்து
உருண்டுகொண்டே போகுமே, அந்த எவர்சில்வர் டம்ளர்.
கைப்பிடி இல்லாத மனுசன் என்று
எத்தனை விடியல் ஏசியிருப்பேன்.
நெளிந்து நெளிந்து போய்
மூன்றை மாற்றியும் இருக்கிறேன்.

"ஏன் சொல்லேல்ல?"
"சொன்னா நீ படுக்கப் பயப்பிடுவாய்."

நேற்று மூன்று மணிக்குக் கரண்ட் போனது.
காற்று நின்று, முகமூடி முகத்தில்
ஈரக் கை மாதிரி ஒட்டியது. கழற்றினேன்.
ஃபேன் தன் கடைசிச் சுற்றை முடிக்க
உட்துறைமுகப் பக்கம் ஏதோ கப்பல் ஒரு தரம் ஊதியது.
"லைட் போட்டுதா?" கண் திறக்காமலே கேட்டார்.
"ம்."
"படுத்திடாதை."

படலையடியில் மான் ஒன்று
வத்தகப்பழத் தோலைச் சப்பிக்கொண்டு நின்றது.
ஒரு மணித்தியாலமும் பத்து நிமிஷமும்
நாங்கள் கரண்ட் பில்லைப் பற்றிக் கதைத்தோம்.