மூக்கு உடைந்த கத்தி

அடுப்படிப் புகைக்கூட்டை இடித்தபோது
கரியோடு சேர்ந்து என் காலடியில் விழுந்தது.
உரச் சாக்குக் கிழிசல், அதற்குள் தோலுறை,
உறைக்குள் ஒரு சாண் கத்தி.
முதுகில் ரம்பப் பல்.
மூக்கு இல்லை.

இருபத்திரண்டு வருசமாய்க் கவ்வாத்து வெட்டுகிறேன்.
வரிசையில் வைத்தால்
எந்தக் கத்தி யாருடையதென்று
பிடியைப் பார்த்தே சொல்லிவிடுவேன்.
இது எந்த மலையிலும் பார்த்ததில்லை.

அப்புத்தளை டவுனில் துவான் ஜுனைதீன்,
தியத்தலாவை முகாமில் முப்பது வருசம் சோறு வடித்தவர்,
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
எச்சில் தொட்டுத் துருவைத் துடைத்தார்.
"ஆள் குத்துற சாமான் இல்ல தம்பி.
வானத்துல இருந்து விழுறவனுக்குக் குடுக்கிறது.
விழுந்த பிளேனுக்குள்ள மாட்டிக்கிட்டா
தகரத்த அறுத்து வெளிய வரத்தான்
இந்தப் பல்லு."
பிடி, தோல் வட்டங்களை அடுக்கி அழுத்தியது.
அடியில் ஆணி அறைகிற மாதிரி ஓர் இரும்புக் குமிழ்.
உறையின் நெஞ்சில் ஒரு சின்னப் பை.
"இதுல சாணைக்கல்லு இருக்கணும்."
விரலை விட்டுத் துழாவினேன்.
ஊக்கு ஒன்று,
இருபத்தைந்து சதக் குத்தி ஒன்று.

எந்த நாட்டுப் பட்டாளம்?
எழுத்திருந்த இடம் தேய்ந்து
வருசத்தின் கடைசி எண் மட்டும் மிச்சம்:
ஏழு. இல்லாவிட்டால் ஒன்று.
எங்கள் அப்பாவின் பிறப்புப் பதிவுக்கு
இது எவ்வளவோ மேல் என்றேன்.
துவான் சிரிக்கவில்லை.
"பஸ்ஸில கொண்டு போறப்ப
கீரைக்கட்டுக்குள்ள வச்சுக்க" என்றார்.

ஞாயிறு. பீலிக்கரை.
என் கவ்வாத்துக் கல், ஒரு வாளி தண்ணீர்.
பழகிய சாய்வில் இழுத்தேன்,
வழுக்கிப் போனது.
முன்பின் தெரியாத கத்தி
முரட்டு மாடு மாதிரி, தன் கோணத்தைத் தானே சொல்லாது.
மனைவியின் சாந்துப் பொட்டை வாங்கி
வாய் நெடுகப் பூசினேன்.
சிவப்பு எங்கே அழிகிறதோ
அங்கேதான் கல் படுகிறது.

ஒரு பக்கம் விரலகலம் சாய்ந்து அழிந்தது.
மறுபக்கம் நூலளவு.
திரும்பப் பூசினேன், திரும்பவும் அப்படியே.
என் கை தீட்டினால் இது தலைகீழாய் இருக்கும்.
எனக்கு முன் தீட்டியது
இடக் கை.

கல்லைக் கீழே வைத்தேன்.
பீலித் தண்ணீர் அது பாட்டுக்கு விழுந்துகொண்டிருந்தது.

இடக்கையால் கொழுந்து கிள்ளிக்
கங்காணியிடம் ஏச்சு வாங்கின ஒருத்தி
எங்கள் லயத்தில் இருந்தாள்.
அரியமலர். என் அக்கா.
சுற்றிவளைப்பு நடந்த வருசம்
ராத்திரியில் தனியே அடுப்படியில் படுத்தாள்.
குளிருது என்றாள்.
நம்பினோம்.
அடுத்த சித்திரைக்கு முன்னால்
லெபனானுக்குப் போய்விட்டாள்.

நெடுநேரம் கழித்துத்தான் மறுபடி தொட்டேன்.
பிசிர் எழும்வரை ஒரு பக்கம்.
கட்டைவிரல் நுனியை அது சுரண்டியதும் அடுத்த பக்கம்.
பிறகு தேத்தண்ணிக் கோப்பையைக் கவிழ்த்து
அடியின் சொரசொரப்பில்,
பிறகு இடுப்பு வாரில்.
போன மாதச் சம்பளத் துண்டு
சத்தமே இல்லாமல் இரண்டானது.

அன்றிரவு வட்சப்பில் படம் அனுப்பினேன்.
பார்த்துவிட்டாள், நீலக் கோடு விழுந்தது.
எழுதுகிறாள் என்று காட்டியது.
நின்றது. காட்டியது. நின்றது.
கடைசியில் குரல், பத்து செக்கன்,
பின்னணியில் யார் வீட்டுப் பிள்ளையோ அழ:

"மூக்க மட்டும் தீட்டிறாத தம்பி.
அது அப்பிடியே கெடக்கட்டும்."

எப்படி உடைந்தது என்று எழுதி,
அனுப்பாமல் அழித்தேன்.

காலையில் பலாக்காய் வெட்டிய மனைவி
நல்ல கூர்தான், ஆனால்
ஒரு பக்கமாகவே இழுக்கிறது என்றாள்.

தெரியும் என்றேன்.