எம் வரைக்கும்

பழைய சாமான் கடையில் எழுபத்தைந்து சென்ட்.
பனிக்கால பூட்ஸ் வந்த அட்டைப்பெட்டி,
உள்ளே ஐநூறு சொற்கள், அகரவரிசையில்.
ரப்பர் பேண்டு இற்றுப்போய் ஒட்டிக்கிடந்தது.
கல்லூரித் தேர்வுக்குப் பதினோரு வாரம்.
டுலூத் துறைமுகத்தில் கப்பல்கள் நின்றுவிட்டன,
ஏரி கல்லாகிக் கிடந்தது.

முன்பக்கம் சொல். பின்பக்கம் பொருள்.
பொருளுக்குக் கீழே ஊதா மையில்
யாரோ ஒருத்தி ஒரு வாக்கியம் எழுதியிருந்தாள்.
குட்டி ஐ-யின் தலையில் புள்ளிக்குப் பதில் வட்டம் போடுகிறவள்.
பையன்களும் போடலாம்.
இருந்தும் ஒருத்திதான்.

அப்ஸ்காண்ட்: சொல்லாமல் நழுவு.
“வாடகைப் பணத்தோடு கார்வின் நழுவினான்.”
பெலிஜரண்ட்: சண்டைக்கு நிற்கிற.
“திரும்பி வந்தவன் சண்டைக்கு நின்றான், ஒற்றை ஷூவோடு.”
கேண்டர்: ஒளிவுமறைவில்லாத பேச்சு.
“ஒளிக்காமல் சொன்னால், அந்த ஷூவைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது.”

நான் மனப்பாடம் செய்ய உட்கார்ந்தவள்.
சலவை நிலையத்தில் சில்லறை மாற்றிக்கொடுக்கும் வேலை,
மாலை ஐந்திலிருந்து பத்து.
டிரையர் ஒருமுறை சுற்றி நிற்பதற்குள் முப்பது சொல் என்று கணக்கு.
கணக்கு கெட்டது.
சொல்லை விட்டுவிட்டு
அப்புறம் என்ன ஆச்சு என்று புரட்டினேன்.

கார்வின் யார், காதலனா, கூடப் பிறந்தவனா?
எஃப்-பில் தெரிந்தது. ஃப்ரூகல்: சிக்கனமான.
“அண்ணனின் ஜாமீனுக்காகச் சிக்கனமாக இருக்கிறோம். மூன்று வேளையும் ஓட்ஸ்.”
ஜி-யில் வாயாடி அத்தை ஒருத்தி வந்து
இரண்டு அட்டை தங்கிவிட்டுப் போனாள்.
ஐ-யில் யாரும் வரவில்லை, வெறும் வானிலை.
எல்-லில், லகானிக்: சுருங்கச் சொல்கிற.
“‘சரி’ என்றார் அப்பா, சுருக்கமாக. போனை வைத்தார். உட்காரவில்லை.”

எம்-மில் ஏழாவது அட்டை, மாலிஃபை.
பொருள்: ஆற்று, தணி.
கீழே ஊதாவில் ஒரு புள்ளி.
பேனாவை வைத்து, எடுத்த இடம்.

அங்கிருந்து இசட் வரை
அட்டைகள் அச்சாபீசை விட்டு வந்த நாள் போலச் சுத்தம்.

கடைக்காரி வெர்னாவைக் கேட்டேன், யார் கொடுத்தது?
“பின்வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள்.
பெட்டிக்கு முகம் உண்டா என்ன?”

மிச்சத்தை நான் எழுதினேன், பச்சையில்.
ரெப்ரீவ்: தண்டனையைத் தள்ளிவைத்தல்.
“கார்வினுக்குத் தள்ளிவைத்தார்கள்.”
பொய் வாசம் அடித்தது. அடித்துவிட்டேன்.
டெனுவஸ்: இற்றுவிடுகிற அளவு மெல்லிய.
“பனிக்கட்டி மெலிந்துவிட்டது, அதன்மேல் நடக்காதே, கார்வின்.”
இது பரவாயில்லை.
இசட் வருவதற்குள் அவனுக்கு ஒரு வேலை வாங்கிக்கொடுத்தேன்,
பேக்கரியில், விடிகாலை ஷிப்ட்.

தேர்வில் ஐநூறில் நான்குதான் கண்ணில் பட்டன.
ஒன்று லகானிக்.
விடையை அழுத்திவிட்டு
அந்த அப்பாவின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன்.
அவர் இன்னும் உட்காரவில்லை.
திரையின் மூலையில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.
அப்போது ஏரியிலிருந்து ஊதியது இந்த வருஷத்து முதல் கப்பல்,
நீளமாய் ஒன்று, குட்டையாய் இரண்டு.
பாலம் அதே கணக்கில் திருப்பி ஊதியது.
கண்காணிக்க வந்த ஹால்வர்சன் சார்
எங்களை மறந்து ஜன்னலுக்குப் போனார்.
நாங்கள் யாரும் காப்பியடிக்கவில்லை.

மதிப்பெண் சுமார்.
பெட்டி என் கட்டிலுக்கடியில்.
மாலிஃபை மட்டும் கோட்டுப் பையில்.

நேற்று ராத்திரி சலவை நிலையத்தில்
காசைத் தின்ற மெஷினை ஒருவர் உதைத்தார்.
ஷூ இரண்டும் இருந்தன, பார்த்தேன்.
நாலு குவார்ட்டர் எடுத்துக்கொடுத்தேன்.
வாங்கிக்கொண்டு வாசலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
பிறகு உட்கார்ந்தார்.
பச்சைப் பேனாவின் மூடியைக் கழற்றி
அட்டையைத் திருப்பினேன்.
அந்த ஊதாப் புள்ளி அங்கேயே இருந்தது.
மூடிவிட்டேன்.