கடைசி நிறுத்தத்தில் ஒன்பது நிமிடம்

ஸாக்ரெப்பின் வடக்கு முனையில்
டிராம் ஒரு வட்டமடித்து நிற்கும்.
ஒன்பது நிமிடம்.
கழிப்பறைக்கு மூன்று, காப்பிக்கு இரண்டு போக
மிச்சம் நாலு என்னுடையது.

இருக்கைக்குப் பின்னால் திஹோமிர் விட்டுப்போன காலாண்டிதழ்.
அட்டையில் ஈரக் கையுறை வாசம்.
கதை என்று நினைத்துத்தான் பிரித்தேன்.
கட்டுரையாம்.

ஒரு பழைய கட்டடம்.
மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே
நின்றுபோன லிஃப்ட்.
உள்ளே எழுதுகிறவளும்,
கார் நிறுத்தும் இடத்துக்காக ஒன்பது வருடம்
முகம் கொடுத்துப் பேசாத
பக்கத்து வீட்டுக்காரரும்.

சரி, இனி வாய்ச்சண்டைதான் என்று பக்கம் திருப்பினால்
மீன்கள் எப்படித் தூங்கும் என்று சொல்கிறாள்.
பிறகு காப்பீட்டுப் படிவத்தில் வருகிற
'கடவுளின் செயல்' என்ற தொடரைப் பற்றி
ஒன்றரைப் பக்கம்.
மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு.
நேரமாயிற்று. மூடி வைத்தேன்.

எட்டு நிறுத்தம் தாண்டியும்
அந்த மீன்கள் கண்ணை மூடாமல்
என்னோடு வந்தன.

அடுத்த சுற்றில் ஒரு தப்பு அகப்பட்டது.
லிஃப்டுக்குள் இருந்தபடியே
தெருவில் டிராம் மணி கேட்கிறாளாம்;
'ஓட்டுநர் கயிற்றை இழுக்கிறார்.'
கயிறா!
இருபத்தோரு வருடமாக
இடது காலால் மிதித்துக்கொண்டிருக்கிறேன்,
முட்டி தேய்ந்த கணக்கு மருத்துவரிடம் இருக்கிறது.
அட்டவணைப் பென்சிலை எடுத்து ஓரத்தில் எழுதினேன்:
மிதி. கயிறு இல்லை.

அதற்குப் பிறகுதான்
அவளை நம்பத் தொடங்கினேன், ஏனோ.

மூன்றாவது சுற்றில் பனி.
கண்ணாடி துடைப்பான் பாட்டுக்கு ஆட
முடிவைத் தேடினேன்.
நாற்பது நிமிடம் கழித்து லிஃப்ட் அசைகிறது.
இருவரும் பேசவில்லை.
அவள் பைகளைத் திரட்டி வெளியே வரும்வரை
அவர் கதவுப் பொத்தானை
அழுத்திப் பிடித்திருக்கிறார், அவ்வளவுதான்.
கீழே:
'இதை மன்னிப்பு என்று எழுதினேன். அடித்தேன்.
மறுபடியும் எழுதினேன்.
இன்னும் எனக்கு உறுதியில்லை.'

உறுதியில்லை.
அதை அச்சேற்றி, தைத்து,
விலை போட்டு விற்றிருக்கிறார்கள்.

எனக்கு வருகிற தாள் எதிலும் இந்த வார்த்தை கிடையாது.
அட்டவணைக்கு எல்லாம் தெரியும்:
ஆறு பதினான்கு, ஆறு முப்பத்தொன்று.
என் அக்காவுக்கும் எனக்கும்
என்ன ஆயிற்று என்று யாராவது கேட்டால்
நானும் நேரம் தவறாமல் ஒரே பதிலைத்தான்
சொல்லிவந்திருக்கிறேன்.

அந்தப் பத்தியை இன்னொரு தடவை படித்தேன்.
நாற்பது விநாடி தாமதமாகக் கிளம்பினேன்.
நிறுத்தத்தை நோக்கி ஓடிவந்த ஒருவன்
தொப்பியைக் கையில் பிடித்தபடி
கண்ணாடிக்குள் சின்னதாகிக்கொண்டே போனான்.
நான் நிறுத்தவில்லை.
தாமதத்தைச் சரிக்கட்ட வேண்டியிருந்தது.

பணிமனையில் திஹோமிர் கேட்டான்:
"எதைப் பற்றி?"
"லிஃப்ட்."
"அவ்வளவுதானா?"
"ஆமாம். இல்லை.
மணி அடிக்கிற இடத்தில் மட்டும் தப்பு."

இதழைத் திருப்பிக் கொடுத்தேன்,
பென்சில் எழுத்தை அழிக்காமல்.

பதிவேட்டில் தாமதத்துக்குக் காரணம் கேட்கும் கட்டம்.
தண்டவாளத்தில் பனி என்று எழுதினேன்.
அடித்தேன்.
பேனா அங்கேயே நின்றது;
பின்னால் ஸ்வோனிமிர் கையெழுத்துக்காகக்
காத்துக்கொண்டிருந்தான்.