ரசீதின் பின்பக்கம்

மாலை நாலு மணிக்கு முப்பத்தாறு புள்ளி ஒன்பது.
காலையில் முப்பத்தெட்டு இருந்தது.
சூடு இறங்கினால் ஒரு நாளுக்குள் என்று
சொல்லியிருந்தாள் டாக்டர் ஹாலினா.
கையில் கிடைத்த கரன்ட் பில்லைத் திருப்பி
எழுதிவைத்தேன்.

பெரோகி சோற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்தாள்.
பெயர் நான் வைத்ததல்ல,
முதலில் வளர்த்த வீட்டில் கொழுக்கட்டைக்கு அப்படிச் சொல்வார்கள்.
என் குளிர்கோட்டை அலமாரிக்குள் இழுத்துப்போட்டுப்
பிறாண்டினாள், சுற்றினாள், மறுபடி பிறாண்டினாள்.
இளைப்பு. நடுக்கம். நடுவில் என்னை ஒரு பார்வை.
இதெல்லாம் இப்படித்தான் இருக்கும் என்று
அவளிடம் சொல்வதுபோல் எனக்குச் சொல்லிக்கொண்டேன்.
திருமாறன் லாரியோடு ரெஜைனா தாண்டிவிட்டிருந்தான்.

டாஃபினில் அன்று மைனஸ் முப்பத்தொன்று.
ஜன்னலுக்கு வெளியே பனி,
உள்ளே பனிக்குடம்.
இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தவர்கள்
இந்த ஊர்ப் பனியைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

1.10. முதல் குட்டி.
பையை அவளே கிழித்தாள், கொடியைக் கடித்தாள்,
நக்கி நக்கிக் கத்தவைத்தாள்.
1.50. இரண்டாவது. பின்னங்கால் முன்னால் வந்தது.
எனக்கு நெஞ்சு நின்றது, அவளுக்கு இல்லை.
நாய்க்கு அதுவும் நேர்வழிதானாம்.
கூடவே கரும்பச்சையாய் ஒழுகியது.
குட்டிக்குப் பின்னால் வந்தால் பயமில்லை,
முதல் குட்டிக்கு முன்னாலேயே வந்தால்தான்
ஓட வேண்டும்.

பிறகு தூங்கினாள்.
ஒரு மணி நேரத்துக்கு மேல்.
நான் டீகூடப் போட்டுக் குடித்தேன்.

3.05. மறுபடி முக்கல்.
வயிறு கல்லாகி, இளகி, கல்லாகி.
3.15. முக்கு கண்ணே, முக்கு என்றேன்.
‘சிட்’, ‘ஸ்டே’ தவிர எதுவும் தெரியாத நாயிடம்.
3.25. ஒன்றும் தலைகாட்டவில்லை.
3.35.

போனில் ஹாலினா கேட்டது ஒன்றே ஒன்று:
ஓய்வெடுக்கிறாளா, முக்குகிறாளா?
முக்குகிறாள்.
எவ்வளவு நேரமாக?
பில்லைப் பார்த்துச் சொன்னேன். அரை மணி.
கிளம்பி வா, விளக்கைப் போட்டுவைக்கிறேன்.

சும்மா படுத்திருந்தால்
இரண்டு மணி நேரம்கூடப் பொறுக்கலாம்.
முக்கியும் வரவில்லை என்றால்
அரை மணியே அதிகம்.

சுவரிலிருந்து காரின் வயரைப் பிடுங்கினேன்.
இங்கே கார்களுக்கும் இரவெல்லாம்
ஒரு தொப்புள்கொடி உண்டு.
ஷூ டப்பாவில் வெந்நீர்ப் புட்டி, மேலே துண்டு,
அதில் இரண்டு குட்டிகள்.
ரயில்வே கேட்டில் கோதுமை வண்டி.
நூற்றுப் பதினாலு பெட்டிகள். எண்ணினேன்,
வேறென்ன செய்ய.
ஒவ்வொரு முக்கலுக்கும் பின்சீட்டிலிருந்து
என் முதுகில் ஓர் உதை.

குறுக்கே கிடந்திருக்கிறது மூன்றாவது.
வயிற்றைத் திறந்து எடுத்தபோது மூச்சில்லை.
ஹாலினா துண்டால் தேய்த்தாள், தேய்த்தாள்,
உடனிருந்த பெண்ணிடம் கொடுத்துவிட்டு
அடுத்ததற்குக் கையை விட்டாள்.
அதற்குப் பின்னால் வழி கிடைக்காமல் நின்ற இரண்டும்
திட்டிக்கொண்டே வந்தன.

விடிந்ததும் திருமாறன் கேட்டான், எத்தனை?
ஐந்து என்றேன்.
பிறகு, நாலு.

‘கண்ணே’ என்றால் இப்போது பெரோகி திரும்பிப் பார்க்கிறாள்.
பில்லில் 3.35-க்குக் கீழே
ஒரு வரிக்கு இடம் விட்டிருந்தேன்.
மறுபக்கம் நூற்றெண்பது டாலர், இருபத்தெட்டாம் தேதிக்குள்.
கட்டியாயிற்று.
தாளை மட்டும் இன்னும் எறியவில்லை.