கீகுவாரி

வேலம்பாளையத்தில் எங்கள் பனியன் கம்பெனி வாசலில்
கறுப்புக் கயிற்றில் தொங்குகிறது கற்றாழை,
படிகாரக் கட்டியோடும் வற்றிய எலுமிச்சையோடும்.
வேர் மேலே, மடல் கீழே.
மண் கேட்டதில்லை. தண்ணீர் கேட்டதில்லை.
பங்குனி வெயிலில் கொஞ்சம் சிவந்தது,
அவ்வளவுதான்.

அன்றைக்கு ராத்திரி ஷிப்மென்ட்.
கைக்குழந்தைச் சட்டை, எட்டாயிரம் பீஸ்.
ஒவ்வொன்றிலும் ஒரு பச்சை அட்டை.
"கத்தாழைச் சாறு ஏத்துன துணியாமா,
புள்ளைக தோலுக்கு மெத்துனு இருக்கோணுமாமா"
என்று படித்துச் சொன்னாள் சூப்பர்வைசர் பிரபாவதி.
நான் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தேன்.

ஒன்றே முக்காலுக்கு
ஸ்டீம் டேபிளில் ஒரு சீறல்.
குழாய் கழன்று
ரஞ்சனின் முன்னங்கையில் ஆவி.
ஒடிசாப் பையன். கத்தவில்லை.
அயர்ன் பெட்டியை அதன் இடத்தில் வைத்துவிட்டுத்தான்
கையைப் பிடித்தான்.

முதலுதவிப் பெட்டி சுவரில் பளபளவென்று இருக்கிறது.
ஆடிட்டர் வந்தால் திறப்பார்கள்.
சாவி மேனேஜரோடு அவிநாசிக்குப் போயிருந்தது.

குழாயடியில் கையை நீட்டச் சொன்னேன்,
இருபது நிமிஷம்.
தண்ணீர் நின்றுபோய்
குடிக்கிற கேனைச் சாய்த்தோம்.
அப்புறம் ஸ்டூலை எடுத்துக்கொண்டு
வாசலுக்குப் போனேன்.

"அட, அது திருஷ்டிக்குக் கட்டுனதுங்க்கா,
மொதலாளி வையப் போறாரு"
என்றார் வாட்ச்மேன் ராக்கியண்ணன்.
"படற கண்ணு பட்டாச்சுங்ண்ணா,
ஸ்டூலை நல்லாப் புடிங்க."
பிசிறு வெட்டும் கத்தரி. அடிமடல் ஒன்று.

மஞ்சள் பால் முதலில் வடியவேண்டும்.
அது கசப்பு, பட்டால் அரிக்கும்.
சாய்த்துவைத்துக் காத்திருப்பதுதான்
வைத்தியத்தில் பாதி.
முள்விளிம்பைச் சீவித் தோலை உரித்து
ஏழு தண்ணீரில் அலசச் சொல்வார்கள்.
கேனில் இருந்தது மூன்று தண்ணீர்தான்.
கண்ணாடிச் சோறு
விரலுக்குள் நிற்காமல் வழுக்க
இரண்டு துண்டு தரையில் போச்சு.

கொப்புளத்தைத் தொடாமல் சுற்றிலும் வைத்தேன்.
அடக்கிவைத்த மூச்சை அப்போதுதான் விட்டான்.
"கீகுவாரி" என்றான்.
என்னடா என்றேன். மடலைக் காட்டினான்.
அவன் ஊரில் அதற்கு அந்தப் பேராம்.
கீ என்றால் நெய்.
குவாரி என்றால்...
தமிழ் அகப்படாமல்
எதிர் மேசையில் நின்ற கோகிலவாணியைக் கை காட்டினான்,
தாலி இல்லாத கழுத்தையும்.
அவள் முறைத்தாள்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
எங்கள் நாட்டு மருந்துக் கடையிலும்
இதற்குக் குமரி என்றொரு பேர் உண்டு.

இரண்டரைக்கு அவன் இடது கையால் மடித்துக்கொண்டிருந்தான்.
வேண்டாம் என்று பிரபாவதி சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.
நாலு மணிக்கு லாரி.
விடிந்ததும் ஜி.எச்.சுக்கு ஆட்டோ ஏற்றினோம்,
காசு எங்கள் ஆறு பேருடையது.

முதலாளி காருக்குள்ளிருந்து
நிமிர்ந்து பார்த்ததே இல்லை.
நான்தான் உள்ளே நுழையும்போதெல்லாம் பார்க்கிறேன்.
அறுத்த இடத்தில்
யாரும் ஒன்றும் தடவாமலே
பழுப்பாய் ஒரு தோல்.