இரண்டரை விரற்கடை

முன்னச்சு அகலம்.
பின்னச்சு அதைவிட ஒடுக்கம்,
பக்கத்துக்கு இரண்டரை விரற்கடை.
பட்டறைத் தரையில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு
அளந்தவள் நான்.
நாய் வந்து கோட்டை நக்கிவிட்டுப் போனது.
மறுபடி போட்டு மறுபடி அளந்தேன்.
அதே இரண்டரை.

இஞ்சின் பெருத்தது, முன்பக்கத்தை அகட்டினார்கள்.
சரி.
முதுகை ஏன் அப்படியே விட்டார்கள்?
"பழைய அச்சு கிடங்கில் மிச்சம் இருந்திருக்கும்"
என்பார் உதிரிபாகம் விற்கும் கோஸ்டாஸ்.
"பின்னால் ஏறுவது ஆடுதானே, அதற்கென்ன அகலம்"
என்பான் தம்பி ரீஸ்.
கணக்குப் போட்டவன் பாதியில் சாப்பிடப் போனான்,
வந்து அடுத்த பக்கத்தில் தொடர்ந்துவிட்டான்
என்பது என் கட்சி.

தார்ச்சாலையில் தெரியாது.
மரீ ஊரைத் தாண்டி வடக்கே போனால்
மணல் சொல்லிவிடும்.
முன்சக்கரம் அமுக்கிக் கொடுத்த வழியில்
பின்சக்கரம் போகாது;
உள்ளே தள்ளித் தனக்கொரு விளிம்பு வெட்டும்.
ஒரே வண்டிக்குள் இரண்டு குடித்தனம்.
டீசல் மட்டும் பொதுச் செலவு.

இது ஒன்றுதானா?
எண்ணெய் வடிகட்டியை அச்சுக்கு நேர்மேலே தொங்கவிட்டது யார்?
கழற்றும்போதெல்லாம் அச்சுக்குத் தலைமுழுக்கு,
எனக்கு முழங்கை வரை.
அச்சு மூச்சுவிடும் குழாயை
வெள்ளம் எட்டும் உயரத்தில் முடித்துவைத்தது யார்?
கூப்பர் ஓடை பெருகிய வருடம்
ஏழு வண்டி அச்சுக்குள்ளிருந்து
பால்காப்பி வடித்தேன்.

சுற்றுவட்டாரத்தில் எல்லாரும் பின்னச்சை அகட்டிக்கொண்டார்கள்.
மெர்வின் ஆப்ஸ்ட் மட்டும் மாட்டேனென்றார்.
"இரண்டரை விரலுக்கு இத்தனை ஆயிரம் டாலரா?
என் விரலையே வெட்டித் தருகிறேன், ட்ரூடி."

செப்டம்பரில் ஒரு வியாழன்
கிணற்று பம்ப் பார்க்கப் போனவர்
வெள்ளி மாலைவரை திரும்பவில்லை.
ரேடியோவில் இரைச்சல்.

பள்ளி விடுமுறை வேறு.
நகரத்து வண்டிகள் மணல்மேடெங்கும் ஏறி இறங்கி
கிறுக்கிவைத்திருந்தன.
எது அவர் தடம்?
ரீஸ் இறங்கினான்,
குப்புறப் படுத்துக் கன்னத்தை மண்ணில் வைத்தான்.
சாய்ந்த வெயில்.
நூறு தடங்கள் மொட்டையாகக் கிடக்க
ஒன்றில் மட்டும் ஓரத்தில் மெல்லிய நிழல்,
வேட்டிக்குக் கரை போட்டதுபோல்.

முப்பத்தொரு கிலோமீட்டர்.
காற்று எழுந்துவிட்டது.
கரை அழிய அழிய ஓட்டினேன்.
இரண்டு முறை தவறவிட்டேன்,
ஒரு முறை அழுதேன்; ரீஸ் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டான்.

வண்டி மேட்டுச் சரிவில் ஒருக்களித்திருந்தது.
பின்சக்கரம் தன் விளிம்பைத் தேடிப்போய்
வயிறு தட்டக் குழி பறித்திருந்தது.
வண்டி நிழலில் படுத்திருந்த மெர்வின்
வெடித்த உதட்டோடு முதலில் கேட்டது:
"பத்தொன்பதாம் நம்பர் ஸ்பானர் வைத்திருக்கிறாயா?"

மாட்டிவிட்டதும் அது, காட்டிக்கொடுத்ததும் அது.
அதற்காக
அந்தக் கணக்குக்காரனுக்கு நன்றி எழுதுவேன் என்று
யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.
அவன் கையில் கிடைத்தால்
வடிகட்டியை அவனையே கழற்றச் சொல்வேன்,
வெள்ளைச் சட்டையோடு.

திங்கட்கிழமை மெர்வின் வந்தார்.
"அகட்டிவிடு."
"அடுத்த தடவை எப்படிக் கண்டுபிடிப்பதாம்?" என்றான் ரீஸ்.
யாரும் சிரிக்கவில்லை.
அளந்தேன், பழக்கதோஷம்.
விலைச்சீட்டை நீட்டினேன்.
கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார், கீழே இறக்கிப் பார்த்தார்,
நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.
"வருடம் பிறக்கட்டும்."

வண்டி போன பிறகு
வாசல் புழுதியில் கரை போட்ட தடம்.
துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தேன்.
நாய் அதன்மேல் குறுக்கே நடந்து
தண்ணீர் குடிக்கப் போனது.